கைக்கு இசைந்த கருவி

தோற்றுவாய்

விழிஞ்ஞம் என்னும் பெயரைக் கேட்ட அளவில் இக்காலத்தார்க்குப் பெருங்கப்பல்கள் வந்தணையும் புதுத் துறைமுகமே நினைவிற்கு வரும். 2025ஆம் ஆண்டு மே திங்கள் 2ஆம் நாள் அத்துறைமுகம் நாட்டிற்கு உரிமையாக்கப்பட்டது. ஆயினும் தமிழராகிய நமக்கு அவ்வூர் புதியதன்று. ஆய் மன்னர்கள் கோட்டை கட்டி ஆண்ட ஊர் அது. பாண்டியன் நெடுஞ்சடையன் 8ஆம் நூற்றாண்டில் விழிஞ்ஞத்தை வென்ற செய்தியைச் சீவரமங்கலச் செப்பேடு பேசுகின்றது. பின்னாளில் சோழர் படையும் அங்கே வந்தது. கடலலையின் ஓசையும் படைகளின் ஓசையும் மாறி மாறிக் கேட்ட பழந்தமிழ்த் துறை அது.

அவ்வூரில் ஒரே பாறையைக் குடைந்து அமைத்த சிறு கோயில் ஒன்று உண்டு. உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தியின் திருவுருவம் இருக்கின்றது. வாயிலின் இருமருங்கும் சிவபெருமானும் உமையும் பாதி வடிக்கப்பெற்ற நிலையில் நிற்கின்றனர். சிற்பி ஏன் நிறுத்தினான் என்பதைப் பாறை சொல்லவில்லை. கோயிலைக் கண்டு கடற்கரைக்குச் சென்றால், மீனவர் வலை பழுது பார்க்கும் காட்சியைக் காணலாம். அவர்கள் கையிலுள்ள வலையூசி உள்ளங்கைக்குள் அடங்கி, விரல் அசைந்த வழியெல்லாம் தானும் அசையும். உளியாயினும் ஊசியாயினும் பல தலைமுறையாகக் கையில் புழங்கிப் புழங்கியே வடிவம் பெற்றவை. பிடி உறுத்தினால் கொல்லனிடம் சென்று திருத்திக் கொள்வது அத்தொழிலாளரின் வழக்கம்.

மருத்துவன் கையிலுள்ள கருவிக்கு அத்தகைய வரலாறு உண்டா? இவ்வினா நம் உள்ளத்தில் எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகட்கு முன் எம் அன்னையாரின் கண்புரையை அகற்றுவதற்கு அவரை மதுரைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். மறுநாள் கட்டு அவிழ்த்தபோது, தையல் ஒன்றுமில்லை என்பதையறிந்த அன்னையார் வியப்புற்று, "இத்தனூண்டு துளைக்குள்ளே எப்படியம்மா கையை விட்டாய்?" என்று கேட்டார். இளம்பெண்ணாகிய அம்மருத்துவர் நகைத்து, "கை வெளியேதான் இருந்தது, பாட்டி, கருவிதான் உள்ளே போயிற்று" என்று விடை பகர்ந்தார்.

அச்சொல் நம் நெஞ்சில் தங்கிவிட்டது. உடலில் பெருங்காயம் செய்யாமல் சிறுதுளை வழியே நோயை நீக்குவது இக்கால அறுவை மருத்துவத்தின் பெருமை. ஆனால், துளை சிறுக்கச் சிறுக்கக் கருவி நுணுகும் அல்லது நீளும். அதற்கேற்பக் கையின் உழைப்பும் பெருகும். அவ்வுழைப்பைக் கை பொறுத்துக்கொள்ள வேண்டுமா, கருவி மாறிக் கைக்கு இசைய வேண்டுமா? இக்கேள்விக்குத் தமிழ்நாட்டு வரலாற்றில் தக்கதொரு விடை இருக்கின்றது. அதனை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய நூல் கூறும் சலாகை

நம் நாட்டு அறுவை மருத்துவத்திற்கு முதல் நூலாகப் போற்றப்படுவது சுசுருத சம்கிதை. அதன்கண் 101 யந்திரங்களும் 20 சத்திரங்களும் கூறப்பட்டுள்ளன. பற்றவும் இழுக்கவும் துழாவவும் உதவுவன யந்திரங்கள்; வெட்டவும் குத்தவும் கீறவும் உதவுவன சத்திரங்கள். 101 யந்திரங்களையும் எண்ணிய ஆசிரியர், அவற்றுள் தலையாயது கையே என்று உரைக்கின்றார். ஏனைய கருவிகள் அனைத்தும் கையின் வழிப்பட்டே தொழிற்படும் என்பது அவர் கூறும் காரணம். அறுவைக் கருவியைப் பற்றிய சிந்தனை முழுவதற்கும் இதனை அடிப்படை எனலாம்.

கண்புரைக்கு அவர் கூறும் முறையும் சிறுதுளை முறையே ஆகும். கண்ணின் ஓரத்தில் சலாகை என்னும் மெல்லிய கோலால் குத்தி, ஒளியை மறைக்கும் புரையைப் பார்வை வழியினின்றும் விலக்கிவிடுவர். அச்சலாகையின் இலக்கணத்தை நூல் நுணுக்கமாகக் கூறுகின்றது. நீளம் எட்டு விரற்கிடை. பருமன் பெருவிரற் கணுவின் அளவு. இரு முனையும் மொட்டுப் போன்றவை. நடுவில் நூல் சுற்றப்பட்டிருக்க வேண்டும். செம்பு, இரும்பு, பொன் ஆகியவற்றால் அதனைச் செய்யலாம். நடுவில் நூல் சுற்றுவது எதற்கு? வியர்வையால் விரல் வழுக்காமல் இருத்தற்கே என்று நாம் கருதுகிறோம். அளவையும் அங்குலக் கோலால் கூறாமல் விரலாலும் கணுவாலும் கூறியிருப்பது கருதத்தக்கது. வலக்கண்ணை இடக்கையாலும் இடக்கண்ணை வலக்கையாலும் குத்த வேண்டும் என்ற விதியும் உண்டு. மருத்துவர் நோயாளிக்கு எதிரில் அமர்ந்து செய்யுங்கால் மூக்கும் நெற்றியும் கையை இடறாமல் இருத்தற்கு அது வழி. கருவியின் வடிவம், பிடி, கையின் நிலை ஆகிய மூன்றையும் ஒருசேர எண்ணிய அறிவு அது.

இம்முறைக்குக் குறையும் உண்டு. விலக்கப்பட்ட புரை கண்ணுக்குள்ளேயே கிடந்தது. அதனால் அழற்சி தோன்றிப் பார்வையை அடியோடு இழந்தோரும் பலர். எனினும் வேறு வழியில்லாக் காலத்தில் பல நூற்றாண்டுகள் அதுவே வழக்கில் இருந்தது.

தஞ்சையில் ஒரு மன்னர்

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் மருத்துவத்தில் பேரார்வம் கொண்டவர். தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நிறுவி, நாட்டு மருத்துவரையும் மேனாட்டு மருத்துவரையும் ஒருங்கே ஆதரித்தார். கண்ணோயாளர் பற்றிய குறிப்பேடுகள், கண்ணின் வண்ணப் படங்களுடன், தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. நோயாளி யார், நோய் யாது, செய்த மருத்துவம் யாது என்று ஒழுங்காக எழுதி வைத்த அவ்வழக்கம் எண்ணி இன்புறத்தக்கது. எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று எழுதி வைத்தாலன்றி முறையும் திருந்தாது, கருவியும் திருந்தாது.

மேனாட்டில் இதற்குள் வேறொரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. பிரெஞ்சு மருத்துவர் சாக் தவியேல் 1747இல் புரையைக் கண்ணுக்கு வெளியே எடுத்துக் காட்டினார். உள்ளேயே புரையைத் தள்ளிவைக்கும் தீங்கு இதனால் ஒழிந்தது. ஆனால் அதற்குக் கருவிழியின் விளிம்பில் அரைவட்ட அளவு வெட்ட வேண்டியிருந்தது. சலாகையின் சிறுதுளை போய்ப் பெருவாயில் திறந்தது. நம் பாட்டன்மார் காலத்தில் புரை எடுத்துக்கொண்டவர் தலையின் இருபுறமும் மணல்மூட்டை வைத்து, பல நாள் அசையாமல் படுத்திருந்ததையும், பின்னர்ச் சோடாப்புட்டியின் அடிபோன்ற தடித்த கண்ணாடி அணிந்து நடமாடியதையும் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இலண்டனில் ஹெரால்டு ரிட்லி என்பார் 1949 நவம்பர் 29ஆம் நாள் கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையை வைத்தது முதலே அக்கண்ணாடியை ஒழிக்கும் வழி பிறந்தது.

வளைந்த விரல்கள்

இனி, நம் கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகிறோம்.

எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918ஆம் ஆண்டு ஓர் உழவர் குடியில் பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்றுப் படை மருத்துவராகப் பணி புரிந்தார். உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் இறந்ததை இளமையில் கண்டவராதலின், மகப்பேற்று மருத்துவராதல் வேண்டும் என்பதே அவர் விருப்பம். விதி வேறு விதமாக எண்ணியது. கொடிய முடக்குவாதம் அவரைத் தாக்கியது. 1948இல் படையினின்றும் விடுவிக்கப்பெற்று நெடுநாள் படுக்கையில் கிடந்தார். எழுந்து நின்றபோது விரல்கள் நிலையாகவே வளைந்து முறுகியிருந்தன. எழுதுகோலைப் பற்றுவதே அரிதாயிற்று. பிள்ளைப்பேறு பார்க்க அக்கைகள் உதவா என்பது தெளிவாயிற்று.

அந்நிலையில் வேறொருவராயின் மருத்துவத்தையே துறந்திருப்பர். அவரோ கண் மருத்துவத்தை மேற்கொண்டு 1951இல் அதில் பட்டயம் பெற்றார். கண்ணின் அறுவை, மருத்துவத் தொழில் அனைத்தினும் நுண்ணியது. மயிரிழை பிறழ்ந்தால் ஒளி போய்விடும். அத்தொழிலுக்கு முடங்கிய விரல்களா என்று எவரும் ஐயுறுவர்.

அவர் செய்தவை இரண்டு. விரல்களைப் பழக்கினார், கருவிகளைத் தம் கைக்கேற்ப அமைத்துக்கொண்டார். பிறர்க்கென்று வார்த்த கருவியைத் தம் வளைந்த விரல்மேல் திணித்துக்கொள்ளாமல், அவ்விரல் எங்கே பற்றவல்லதோ அங்கே பிடி அமையுமாறு செய்துகொண்டார். அக்கைகளாலேயே தம் வாழ்நாளில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறையை நடத்தினார். ஊர்தோறும் கண்ணொளி முகாம்கள் கண்டார். 1973இல் பத்மசிறீ விருது பெற்றார். அரசுப் பணியினின்றும் ஓய்வு பெற்ற 1976இல், தம் 58ஆம் வயதில், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006 சூலை 7ஆம் நாள் மறைந்தார்.

இவ்வரலாற்றை மனவுறுதிக்கு எடுத்துக்காட்டாக மேடைகளில் சொல்வதுண்டு. அது தக்கதே. எனினும் மனவுறுதியை மட்டும் புகழ்ந்து கருவியை மறந்துவிடுதல் முறையாகாது. உறுதி எத்துணை இருப்பினும், பிடிக்கவொண்ணாத கத்தியைப் பிடித்து ஒருவர் ஓரிலட்சம் கண்களை அறுத்தல் இயலாது. கையின் குறையென்று உலகம் கண்டதைக் கருவியின் குறையென்று கண்டதே அவர் அறிவின் சிறப்பு. கருவி திருந்திய பின்னர் அக்கையில் குறையேதும் காணப்படவில்லை.

அவர் நிறுவிய மருத்துவமனையின் ஒழுங்கிலும் இக்கொள்கை நிலைபெற்றது. அறுவை அறையில் இரு மேசைகள் அடுத்தடுத்து இருக்கும். ஒரு மேசையில் மருத்துவர் அறுவை செய்யும்போதே மறு மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாவார். நுண்ணோக்கி இங்கிருந்து அங்கே திரும்பும். தூய்மை செய்த கருவித் தொகுதி வரிசை பிறழாமல் காத்திருக்கும். செவிலி கருவியை மருத்துவர் பற்ற வேண்டிய விதமாகவே கையில் தருவார். இவ்வாறு வீண் அசைவு ஒழிந்தமையால் அங்குள்ள ஒரு மருத்துவர் ஆண்டிற்கு 2,000 அளவில் அறுவைகள் செய்ய இயன்றது. உள்விழி வில்லை அயல்நாட்டிலிருந்து வந்தவரை ஏழைக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. 1992இல் ஆரோலாப் என்னும் தொழிற்சாலை அமைத்து மிகக் குறைந்த விலையில் அதனைச் செய்யத் தொடங்கிய பின்னரே அது எல்லார்க்கும் உரியதாயிற்று.

சிறுதுளை மீண்டது

முன்னர்க் கூறிய அரைவட்ட வெட்டு 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை நீளும். அதற்குத் தையலும் வேண்டும். அமெரிக்கரான சார்லசு கெல்மன் 1967இல் ஒலியதிர்வு ஊசியால் புரையை உடைத்து உறிஞ்சும் முறையை வெளியிட்டார். பல் தூய்மை செய்யும் கருவியைக் கண்டே அவர்க்கு அக்கருத்து உதித்தது. இன்று அம்முறைக்கு 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த வாயில் போதும். ஆனால் அதற்குரிய பொறியின் விலை மிகுதி. ஆகவே பொறியின்றிக் கையாலேயே 6 அல்லது 7 மில்லிமீட்டர் சாய்வான சுரங்கவழி அமைத்துப் புரையை எடுக்கும் முறை நம் நாட்டிலும் நேபாளத்திலும் பெருவழக்காயிற்று. அச்சுரங்கம் கண்ணின் உள்ளழுத்தத்தாலேயே தானாக மூடிக்கொள்ளுமாதலின், பெரும்பாலும் தையல் வேண்டுவதில்லை. எம் அன்னையார் வியந்தது இதனையே.

இம்முறைக்குரிய கத்தியைக் கண்டோர், அதன் அலகு பிடியோடு நேராக இல்லாமல் வளைந்திருப்பதைக் காண்பர். மருத்துவர் நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து செய்கின்றார். நேரான கத்தியாயின் புருவமேடு பிடியைத் தடுக்கும். அலகை வளைத்தமையால் மணிக்கட்டு வளைய வேண்டுவதில்லை. பிடியைச் சொரசொரப்பாக்கியது நனைந்த கையுறை வழுக்காமைக்கு. இடுக்கியை எடை குறைந்த டைட்டேனியத்தால் செய்வது நாள் முழுதும் பற்றினும் விரல் களையாமைக்கு. சலாகையின் நடுவில் நூல் சுற்றிய பழைய ஆசிரியர் இன்று வருவாராயின், தம் கருத்தே உலோகத்தில் நிற்பதைக் காண்பார்.

வயிற்றறையில் நீண்ட கோல்கள்

கண்ணில் நிகழ்ந்தது வயிற்றிலும் நிகழ்ந்தது. செருமானியரான கெல்லிங் 1901இல் நாயின் வயிற்றைக் குழாய்வழியே நோக்கினார். சுவீடன் நாட்டு யாக்கோபியசு 1910இல் மனிதரிடத்து அம்முறையைக் கையாண்டார். கீல் நகரத்துக் குர்ட் செம் 1980இல் குடல்வாலையும், எரிக் மியூகே 1985இல் பித்தப்பையையும் சிறுதுளை வழியே அகற்றினர். செம் தமக்கு வேண்டிய கருவிகள் பலவற்றைத் தாமே வடிவமைத்தவர். நம் நாட்டில் மும்பை மருத்துவர் உத்வாடியா 1990இல் சிறுதுளைவழிப் பித்தப்பை அறுவையைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் மருத்துவர் பழனிவேலு இத்துறையில் புகழ் பெற்றவர். கல்லீரலில் நாடாப்புழுவால் தோன்றும் நீர்க்கட்டியை அகற்றும்போது, கட்டியின் நீர் வயிற்றில் சிந்தினால் பெருந்தீங்கு விளையும். அந்நீர் சிந்தாதவாறு உறிஞ்சியெடுக்க அவர் அமைத்த தனிவகைக் குழாய்க்கருவி அவர் பெயராலேயே வழங்குகின்றது.

நோயாளிக்கு இம்முறையால் நன்மை பெரிது. 5 அல்லது 10 மில்லிமீட்டர்த் துளைகள் சில போதும், வலி குறைவு, சில நாட்களில் வீடு திரும்பலாம். மருத்துவர் கைக்கோ தொல்லை பெரிது. அவர் பற்றும் கோல் ஒரு முழத்துக்கு அருகில் நீண்டது. துளை அதற்கு நெம்புகோலின் ஊன்றுபுள்ளி போலாகிவிடும். கையை வலப்புறம் நகர்த்தினால் கோலின் நுனி இடப்புறம் நகரும். தொட்டறியும் உணர்வு மங்கும். கண் திரையைப் பார்க்கக் கை வேறிடத்தில் உழைக்கும். கத்தரிக்கோல் போன்ற வளையப் பிடியில் பெருவிரலை நெடுநேரம் நுழைத்து அழுத்துவதால் நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போதலும் உண்டு.

2010இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், வினவப்பட்ட 317 அறுவை மருத்துவருள் நூற்றுக்கு 87 பேர் இவ்வகை அறுவையால் உடல்நோவு உற்றதாகக் கூறினர். அதற்கு முன் 2004இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் சிந்திக்கத்தக்கது. 726 மருத்துவரை வினவியதில், ஆறரை அல்லது அதனிற் சிறிய கையுறை அணிவோர் பலர்க்குக் கருவியைக் கையாளுதல் கடினமாக இருந்தது. சிறிய கையுடையோர் யார்? பெரும்பாலும் பெண்கள். கருவியோ ஒரே அளவில் வார்க்கப்பட்டு உலகெங்கும் அனுப்பப்பட்டது. பிடி எட்டாத விரலைக் கண்டு, "கைத்திறம் போதாது" என்று எத்தனை பேர் எத்தனை பெண்களை ஒதுக்கியிருப்பர்! இடக்கைப் பழக்கமுடையோர்க்கும் இதுவே நிலை. வளைந்த விரலுடைய வெங்கடசாமியாரைப் பற்றி உலகம் ஐயுற்றிருக்கக்கூடிய அதே பிழை இங்கே உருமாறி நிற்கின்றது.

இப்போது திருத்தம் நிகழ்ந்து வருகின்றது. பிடியின் வளையத்தை அகலமாக்கி மென்பொருளால் பொதிகின்றனர். மணிக்கட்டு முறுகாதவாறு பிடியைச் சாய்த்து அமைக்கின்றனர். சுட்டுவிரல் எட்டுமிடத்தில் சுழற்றியை வைக்கின்றனர். கோல்கள் நீளமாதலின், கருவியின் பிடி முழங்கை மட்டத்தில் நிற்குமாறு மேசையைத் தாழ்த்த வேண்டும் என்றும், திரையைக் கண்மட்டத்துக்குச் சற்றே கீழே வைக்க வேண்டும் என்றும் ஆராய்ந்து சொல்லியிருக்கின்றனர். இவற்றுட் சிலவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. மேசையின் உயரத்தை மாற்றுவதற்கு எண்ணம் ஒன்றே போதும்.

முடிவுரை

மதுரை மருத்துவமனையில் எம் அன்னையாருக்கு விடை பகர்ந்த அம்மருத்துவரின் கைகளை நாம் நோக்கினோம். சிறிய கைகளே. அக்கைகளுக்கு ஏற்ற கருவியை எவரோ எண்ணி அமைத்திருந்தமையால் எம் அன்னையார் இன்று தம் பேரப்பிள்ளைகளின் முகம் காண்கின்றார். கருவி அமைத்தவர் பெயர் நமக்குத் தெரியாது. விழிஞ்ஞத்துச் சிற்பியின் பெயரும் தெரியாது. பெயர் தெரியாத இத்தொழிலறிவே மாந்தர் வாழ்வைத் தாங்கி நிற்கின்றது.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிறந்த மக்கள் பலர் இன்று பொறியியலும் மருத்துவமும் பயில்கின்றனர். அவர்கட்கு நாம் கூறிக்கொள்வது ஒன்றே. கருவி ஒன்றை வடிவமைக்கத் தொடங்குமுன் அதனைப் பற்றப்போகும் கையைப் பாருங்கள், அளந்தும் பாருங்கள். சிறிய கை, பெரிய கை, இடக்கை, முதுமையால் நடுங்கும் கை, நோயால் முடங்கிய கை ஆகிய அனைத்தும் உழைக்க விரும்பும் கைகளே. தம் கைக்கேற்பக் கருவியை வளைத்துக்கொண்ட ஒரு தமிழர் ஓரிலட்சம் கண்களுக்கு ஒளி தந்தார். அவர் சென்ற வழியில் நம் இளைஞரும் நடப்பாராக!